தண்ணீரில்லாத ஏந்தலில் ஒரு மீன்பிடி

இந்தப் பயணம் ஒரு கோபத்தில் ஆரம்பித்தது. நெடுநாள் ஆசை, சொந்த மண் கூப்பிட்டது என்றெல்லாம் பூசி மெழுக எனக்கு வராது.

நான் ஓமனில், நிஸ்வா பக்கத்தில், ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது காரைக்குடி. சில மாதங்களுக்கு முன் இந்த வலைப்பூவில் அரபு ஊர்ப்பெயர்களைப் பற்றி எழுதியிருந்தேன். அங்கே பாதி ஊர்கள் நிலத்தின் பெயரையே சுமக்கின்றன. ராஸ் என்றால் தலை. கடலுக்குள் தலை நீட்டிக்கொண்டிருக்கும் நிலமெல்லாம் ராஸ் என்று தொடங்கும். கோர் என்றால் கடல் உள்ளே புகுந்து நிற்கும் கழி. ரம்லா என்றால் மணல். ஐன் என்றால் கண், ஊற்றுக்கும் அதே சொல்தான். நாமும் ஊற்றுக்கண் என்கிறோம் இல்லையா? வாதி (நம் கோர்ட்டில் நிற்கும் வாதி அல்ல) என்றால் மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் படுகை. மூன்று வருடம் காய்ந்து கிடந்தாலும் அதன் பெயர் வாதிதான். அதில் வீடு கட்ட மாட்டார்கள். வெள்ளம் இறங்கினால் "வாதி வந்துவிட்டது" என்பார்கள், வெளியூர் போன சொந்தக்காரர் திரும்பி வந்ததைச் சொல்வது போல.

அந்தக் கட்டுரைக்குக் கீழே ஒரு வாசகர் எழுதினார்: "அரபிக்காரன் மண்ணைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறான். நம்ம ஊரில் என்ன இருக்கிறது? சாமி பேர், ஜமீன் பேர், தலைவர் பேர். மிச்சமெல்லாம் நகர்." அதற்குக் கைதட்டும் பொம்மைகள் வேறு. எனக்கு வந்ததே கோபம்! வைகாசி கடைசியில் விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக என் தம்பி அருளிடம் காரைக் கேட்டேன். நம் பக்கத்து ஊர்ப் பலகைகளை ஒரு சுற்று படித்துவிட்டு வந்து பதில் எழுதுகிறேன் என்று கிளம்பினேன்.

அருள் ஒரு பாத்திரக் கடையில் வேலை செய்கிறான். மனைவி ரீட்டா, இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. காரை நானே ஓட்டுகிறேன் என்றால் கேட்கவில்லை. "நானும் வாரேன். ஒரே ஒரு கண்டிஷன்க்கா. திரும்பி வரையில நான் வாங்கப் போற மனைய ஒரு எட்டு பாக்கணும். திங்கக்கிழம பத்திரம்" என்றான். நானும் சரி என்றேன். எனக்கு அப்போது அது வழியில் ஒரு பத்து நிமிட வேலை.

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்குக் கிளம்பினோம். இந்தச் சுற்று மொத்தம் ஏறத்தாழ நூற்று இருபத்தைந்து கிலோமீட்டர்: காரைக்குடி, இளையாத்தங்குடி, திருப்பத்தூர், மதகுபட்டி, சிவகங்கை, காளையார்கோவில், மறுபடி காரைக்குடி. எங்கள் பழைய காருக்குப் பெட்ரோல் தொள்ளாயிரம் ரூபாய் ஆனது. இருசக்கர வண்டியில் போனால் முந்நூறுக்குள் முடித்துவிடலாம், ஆனால் பதினோரு மணிக்கு மேல் வெயில் உங்களை முடித்துவிடும்.

வாசகரே, காரைக்குடியிலேயே ஆரம்பிக்கலாம். காரை என்பது முள்செடி. அந்தச் செடி மண்டிக் கிடந்த இடத்தில் குடியேறியதால் காரைக்குடி என்கிறார்கள். சாமியும் இல்லை, ஜமீனும் இல்லை. அங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டரில் இளையாத்தங்குடி. நகரத்தார்களின் ஒன்பது கோயில்களில் ஒன்று இங்கே இருப்பதால் வெளிநாட்டுக்காரர்கள்கூட வருவார்கள். இளைத்து வந்தவர்கள் ஆறிப்போகிற குடி என்று பெயருக்குப் பொருள் சொன்னார் வாசலில் தேங்காய் விற்றவர். நாங்கள் போனபோது மணி ஏழு. குளத்துப் படியில் கால் மணி நேரம் உட்கார்ந்தோம். நன்றாகவே ஆறியது. நடை மதியம் சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

திருப்பத்தூரில் காலைச் சாப்பாடு. இரண்டு பேருக்கு இட்லி, வடை, காபி நூற்று முப்பது ரூபாய். அங்கிருந்து சிங்கம்புணரிக்குப் போகலாமா என்று ஒரு யோசனை இருந்தது. அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று ஓட்டலில் கேட்டதற்கு மூன்று பேர் மூன்று கதை சொல்லி, நான்காமவர் மூன்றும் பொய் என்றார். அதனால் சிங்கம்புணரியை விட்டுவிட்டேன். தெரியாததை எழுதி அந்த ஊர்க்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள நான் தயாரில்லை.

திருப்பத்தூரிலிருந்து சிவகங்கை போகும் சாலையில்தான் என் கோபத்துக்குத் தீனி கிடைத்தது. சாலையிலிருந்து பிரியும் ஒவ்வொரு மண்பாதையிலும் ஒரு பலகை. வயல் என்று முடியும் ஊர், பொட்டல் என்று முடியும் ஊர், ஊருணி, மேடு, திடல். எல்லாவற்றையும்விட அதிகமாக ஏந்தல். ஏந்தல் என்பது மழைத்தண்ணீர் வீணாக ஓடிவிடாமல் ஏந்தி வைத்துக்கொள்ளும் சின்னக் கண்மாய். நதி இல்லாத சீமை இது. வானத்திலிருந்து விழுவதைக் கையேந்தி வாங்கினால்தான் சோறு. அதனால் ஊருக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். அரபிக்காரருக்கு வாதி என்றால் எங்களுக்கு ஏந்தல். யாருக்கும் நாங்கள் இளைத்தவர்கள் இல்லை.

சிவகங்கையில் மதியச் சாப்பாடு முடித்து, பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி காளையார்கோவில் போனபோது மணி இரண்டரை. கோயிலின் பெரிய கோபுரத்தைப் பார்த்தால் இது முழுக்கச் சாமி பெயர் என்றுதான் தோன்றும். ஆனால் பழைய பெயர் கானப்பேர். கான் என்றால் காடு. நடை திறக்க நேரமிருந்ததால் வெளியே ஒரு கரும்புச்சாறு குடித்துவிட்டுக் காரைக்குடி சாலையைப் பிடித்தோம். என்னிடம் பதில் தயாராகிவிட்டது. நான் சந்தோஷமாக இருந்தேன். அருளும் சந்தோஷமாக இருந்தான், அவனுக்கு அவன் மனை.

காளையார்கோவிலிலிருந்து பத்து கிலோமீட்டர் வந்து இடதுபுறம் திரும்பினோம். கொஞ்ச தூரத்தில் தங்க நிறத்தில் ஒரு வளைவு. அதன் உச்சியில் சிமெண்ட் ஒட்டகம். இரண்டு பக்கமும் வாடிப்போன பேரீச்சங்கன்றுகள். வளைவில் கொட்டை எழுத்தில் "அல் வாதி கார்டன்" என்று எழுதியிருந்தது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிவகங்கைச் சீமையில் ஒட்டகம்! கழுத்தில் அடையாள அட்டையோடு ஓடி வந்த விற்பனைக்காரர், "வாங்க சார், வாங்க மேடம். அக்கா ஓமன்லதானே இருக்காக? உங்களுக்கு இது சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருக்கும்" என்றார். என் சொந்த ஊர் அங்கிருந்து இருபத்தி நாலு கிலோமீட்டர் என்று சொல்லவில்லை.

"வாதின்னா என்னன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தோட்டம் மேடம்."

"அப்ப கார்டன் எதுக்கு?"

அவர் நல்ல பிள்ளையாகச் சிரித்தார். "மழ பேஞ்சா வெள்ளம் ஓடுற பள்ளம் அது. அங்க ஒருத்தரும் அதுக்குள்ள வீடு கட்ட மாட்டாக" என்றேன். "பேருதானே மேடம். வளைகுடா கஸ்டமர் நெறைய இருக்காக. கேக்கவே ரிச்சா இருக்குன்னு முதலாளி வச்சாரு" என்றார். அருள் என் கையைக் கிள்ளினான், சும்மா இரு என்று.

அருளின் மனை கடைசி வரிசையில் இருந்தது. நாற்பத்தேழு என்று சிவப்பு மையில் எழுதிய கல். நடந்து போகப் போக நிலம் இறங்கிக்கொண்டே போனது. முன்வரிசைகளில் செம்மண், இங்கே கறுப்புக் களி, பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்புக்குள் விரலை விட்டு எடுத்தேன். நத்தை ஓடுகள். கொஞ்ச தூரத்தில் நீளமாக ஒரு மண்கரை, அதன் மேல் வரிசையாகப் பனை. துளி ரத்தத்தில் நோயைத் தேடுவது என் தொழில். இதற்கு அந்த அளவுக்குப் படிப்புகூடத் தேவையில்லை. நாங்கள் ஒரு கண்மாய்க்குள் நின்றுகொண்டிருந்தோம்.

நான் வாயைத் திறப்பதற்குள் அருள், "இந்தப் பக்கம் ஹால், அங்குட்டு கிச்சன். பிள்ளைகளுக்கு மேல ஒரு ரூம்" என்று காலால் கோடு போட்டுக் காட்டினான். அவன் முகத்தைப் பார்த்தேன். சொல்லாமல் திரும்பி நடந்தேன்.

வளைவுக்கு வெளியே பேருந்து நிறுத்தத்தில் ஒரு டீக்கடை. கடைக்கார அம்மா தோசைக்கரண்டியை வைத்துக்கொண்டு ஊர்ப் பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பலகை முழுக்க ஒட்டகச் சுவரொட்டி. சுரண்டிய இடத்தில் "ஆவாரே" வரை தெரிந்தது. நாங்கள் நிற்கும்போதே மிச்சமும் வந்தது: ஆவாரேந்தல். சுற்றிலும் ஆவாரம்பூ மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

"ஒட்ட ஒட்டச் சுரண்டுவேன். பசை தீருதா, என் கரண்டி தேயுதான்னு பாப்பமே" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். அவர் பெயர் பஞ்சவர்ணம். "எங்குட்டு இருந்து வாரீக?"

"காரைக்குடி. உள்ள மனை பாக்க வந்தோம். திங்கக்கிழம பத்திரம்" என்றான் அருள்.

சண்டை போடுவார் என்று நினைத்தேன். இரண்டு டீ போட்டுக் கொடுத்தார், டீ பன்னிரண்டு ரூபாய். குடித்து முடித்ததும் தம்ளர்களை வாங்கிக்கொண்டு, "நாளைக்கு விடியக்காலம் கண்மாயில மீன்பிடி. பதினெட்டுப்பட்டிக்கும் சொல்லியாச்சு. நீங்களும் வந்துருங்க. பாத்துட்டு அப்பறம் வாங்குங்க" என்றார்.

"கண்மாய் எங்க இருக்கு?" என்றான் அருள்.

"இப்ப நின்னுட்டு வந்தீகளே தம்பி, அதுதேன்."

"அதுல பொட்டுத் தண்ணி இல்லையே?"

"வரத்துக்கால மூடி ரோடு போட்டுட்டாக. எங்கிட்டு இருந்து தண்ணி வரும்? மனு மேல மனு குடுத்துருக்கோம், பதிலக் காணோம். தண்ணி இல்லேன்னு நாங்க மீன்பிடிய நிப்பாட்டுனா, கண்மாயே இல்லேன்னு அவுக எழுதிருவாக. அதேன் விடல. இது மூணாவது வருசம்."

காரைக்குடி வரும் வரை அருளும் நானும் சண்டை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். நத்தை ஓடு, களிமண், கரை. அவன் ஸ்டியரிங்கை அடித்தான். "உனக்கென்னக்கா, மாசம் பொறந்தா ரியால்ல சம்பளம். நீ ஊரு பேரு படிக்க வந்துருக்க. வருசா வருசம் சாமான தூக்கிக்கிட்டு வீடு மாத்துறது நானு. என் கைக்கு எட்டுறது இந்த ஒரு மனைதான். அதுவும் கண்மாயா போச்சா?" அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்கு அழுகை வந்தது, ஆனாலும் வாயை மூடவில்லை. "ஆமா, கண்மாய்தான்" என்றேன்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சுக்கு மாலைப் பூசைக்குப் போய்க்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, காலை ஐந்து மணிக்கு ஸ்கூட்டரை எடுத்தேன். கார் சாவியோடு அருள் வாசலில் நின்றான். ஸ்கூட்டரை விட்டுவிட்டுக் காரில் ஏறினேன்.

எங்கள் பக்கத்து மீன்பிடியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீர் ஆகும்போது, ஊர்க்காரர்கள் அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புவார்கள். சாதி மதம் கேட்பதில்லை, காசும் கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து பிடித்துக்கொண்டு போகலாம். கரையில் நின்று ஒருவர் வெள்ளைத் துண்டை வீசும் வரை ஒரு கால்கூட உள்ளே இறங்கக் கூடாது. வீசியதும் அத்தனை கூட்டமும் பாயும். கையில் ஊத்தா இருக்கும். அடியும் மேலும் திறந்த கூம்புக் கூடை அது. சேற்றில் குத்தி, மேல் வாய் வழியாகக் கையை விட்டு மீனை எடுப்பார்கள்.

நாங்கள் போனபோது கரை முழுக்கத் தலை. வேட்டியை மடித்துக் கட்டிய ஆண்கள், சேலையைத் தூக்கிச் செருகிய பெண்கள், தோளில் வலை, கையில் ஊத்தா. எதிரே வெடித்துக் கிடக்கும் வறண்ட கண்மாய். அதற்குள் வரிசை வரிசையாக மனைக் கற்கள். துண்டு வீசும் முறை இந்த வருடம் பஞ்சவர்ணத்தின் கொழுந்தனுக்காம். அவர் கரையில் ஏறி நின்று கும்பிட்டுவிட்டு, துண்டைச் சுழற்றி வீசினார்.

ஓவென்று இரைச்சலோடு கூட்டம் இறங்கியது. புழுதி கிளம்பியது. வேடிக்கைக்காக ஓடுகிறவர்களின் ஓட்டமாக அது இல்லை. ஓடிப் போய் அவரவர் கண்ணில் பட்ட மனைக் கல்லின் மேல் ஊத்தாவைக் கவிழ்த்தார்கள். மேல் வாய் வழியாகக் கையை விட்டுக் கல்லைத் தடவிப் பார்த்துக் கத்தினார்கள். "விரால்டோய்!" "இங்குட்டு ஒரு குரவை!" "எனக்கு அயிரைதேன், சின்னதா போச்சு!" ஒரு கல்லையும் பிடுங்கவில்லை, அசைக்கவும் இல்லை. பிடுங்கினால் வழக்குப் போடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஊத்தாவுக்குள் கல் அகப்பட்டது என்று எந்த வழக்கைப் போடுவது? வளைவுக்குப் பக்கத்தில் அந்த விற்பனைக்காரர் செல்போனைக் காதில் வைத்தபடி முழித்துக்கொண்டிருந்தார்.

அருள் நாற்பத்தேழாம் கல்லுக்குப் பக்கத்தில், நேற்று அவன் ஹால் என்று சொன்ன இடத்தில் நின்றான். அந்தக் கல்லை இன்னும் யாரும் பிடிக்கவில்லை. பஞ்சவர்ணம் கையில் ஊத்தாவோடு அந்தப் பக்கம் வந்தார். "என்னா தம்பி சும்மா நிக்கிறீக?"

"இது என் மனை" என்றான்.

அவர் ஊத்தாவைத் தூக்கியபடி நின்றுவிட்டார். அருள்தான் கேட்டான்: "நல்ல மழ பேஞ்சா இந்த எடத்துல எம்புட்டு நிக்கும்?"

பஞ்சவர்ணம் கையை உயர்த்தினார். அருள் ஆறடி. அவன் தலைக்கு மேலே ஒரு சாண் போய் அந்தக் கை நின்றது.

அருள் செருப்பைக் கழற்றினான். அவர் கையிலிருந்து ஊத்தாவை வாங்கி, நாற்பத்தேழாம் கல்லின் மேல் கவிழ்த்தான். குனிந்து கையை உள்ளே விட்டான். மற்றவர்களைப் போல உடனே எடுக்கவில்லை. ரொம்ப நேரம் அப்படியே குனிந்திருந்தான்.

"என்ன மீனு தம்பி?" என்று பஞ்சவர்ணம் மெதுவாகக் கேட்டார்.

"கெளுத்தி" என்றான் அருள். "முள்ளு குத்திருச்சு."

அப்போதுதான் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. நான் அவன் முதுகில் கை வைத்தேன், தட்டிவிடவில்லை.

மீன்பிடி நாளில் ஊரில் எல்லா வீட்டிலும் மீன்குழம்பு கொதிக்க வேண்டும் என்பது வழக்கம். அன்றைக்கும் கொதித்தது. மீன் மசாலா, புளி, மாங்காய், கத்திரிக்காய், மீனைத் தவிர எல்லாம். பஞ்சவர்ணம் வீட்டில் எங்களை உட்கார வைத்து இலை போட்டார். "மீனு வரையில வரட்டும். குழம்ப இன்னைக்கே குடிங்க" என்றார். வெளியூரிலிருந்து வந்தவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஆளுக்கு ஒரு கூடைக் கண்மாய் மண் அள்ளிக்கொண்டு போனார்கள். வயலுக்கு உரம். கண்மாயும் அந்த அளவுக்கு ஆழமாகிறது.

திங்கட்கிழமை அருள் பத்திரப் பதிவுக்குப் போகவில்லை. கொடுத்த முன்பணம் திரும்பவில்லை, திரும்பும் என்று தோன்றவும் இல்லை. அவன் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறான். ரீட்டா என்னோடு பேசுவதில்லை. அவள் கோபத்தை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். என்னால் முடிந்ததை அவர்களுக்குச் செய்வேன், அது எங்கள் வீட்டு விஷயம். ஆனால் தண்ணீரில் மூழ்கப் போகிற ஹாலில் என் தம்பி பிள்ளைகள் படுத்துத் தூங்கமாட்டார்கள். அந்த ஒன்றுக்காக ரீட்டா என்னை எத்தனை வருடம் திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

இந்தச் சுற்றைப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தை, மாசியில் போனால் வெயில் தாங்கும். மீன்பிடி பார்க்க வேண்டுமென்றால் வைகாசிதான், தேதியை ஊர்க்காரர்கள் சில நாள் முன்னால்தான் முடிவு செய்வார்கள், டீக்கடைகளில் கேட்டாலே தெரியும். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். செல்போன் வரைபடத்தை நம்பாதீர்கள், அதில் பாதி ஏந்தல்கள் நகர் ஆகிவிட்டன. பலகையைப் படியுங்கள். பலகையில் சுவரொட்டி இருந்தால் சுரண்டிவிட்டுப் படியுங்கள். வளைகுடாவிலிருந்து மனை வாங்கப் போகிறவர்கள் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாமல், ஒரு நாள் நேரில் போய் அந்த நிலத்தின் பழைய பெயர் என்ன என்று பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர்களிடமாவது கேளுங்கள். அந்த வாசகருக்கும் இதுதான் என் பதில். பெயர் இல்லாமல் இல்லை ஐயா, நீங்கள் காரை நிறுத்திப் பார்க்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பஞ்சவர்ணம் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். வளைவில் பெயர் மாறிவிட்டது. வாதி என்றால் வெள்ளப் பள்ளம் என்று நான் சொன்னது முதலாளி காதுக்குப் போயிருக்கும் போல. புதிய பெயர் "அல் ஜபல் கார்டன்". அரபியில் ஜபல் என்றால் மலை. நல்லது, மலையாகவே இருக்கட்டும். வரும் வைகாசியில் மலை மேல் மீன் பிடிக்கிறோம், ஊத்தாவோடு வந்துவிடுங்கள்.